சொந்த லிஸ்ப்பில் ஸ்ட்ரீம்: சி-யின் ஃபைல் பாயிண்டரே போதுமா, தனியாக எழுத வேண்டுமா?

வேலந்தாவளத்தான்

வணக்கம். சி-யில் ஒரு சின்ன லிஸ்ப் மொழி இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து நேராக ஓட்டுவது) எழுதி வைத்திருக்கிறேன். விளையாட்டாக ஆரம்பித்ததுதான், ஆனால் இப்போது மாமாவின் காய்கறி மண்டிக் கணக்கே அதில் ஓடுகிறது, அதனால் ஏதாவது உடைந்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிம்பல் எல்லாம் தமிழில்தான்: (படி), (வரி-படி), (எழுது), (திற "தக்காளி.கணக்கு") என்கிற மாதிரி. மண்டி எல்லையிலேயே இருப்பதால் விவசாயிகளின் பெயர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் வரும், ஒரே வரியில் இரண்டும் வருவதும் உண்டு.

இப்போதைய அமைப்பு இதுதான். படிப்பதற்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தையே நேராகக் கேட்கும் ரீட் சிஸ்டம் கால், 4096 பைட் பஃபர், அதில் வந்ததை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) டிகோட் செய்து எழுத்துகளாக்குகிறேன். எழுதுவதற்கு பிரிண்ட்எஃப். இதில் வரும் தொல்லைகள்:

(எழுது "எத்தனை பெட்டி? ") என்று கேட்டுவிட்டு (வரி-படி) கூப்பிட்டால் கேள்வி திரையில் வருவதே இல்லை, பதிலைத் தட்டி என்டர் அடித்த பிறகு, அடுத்த வரியோடு சேர்ந்து வருகிறது. அப்புறம், பிராம்ப்ட்டில் வெறுமனே (வரி-படி) என்று அடித்தால் நான் எதையும் தட்டுவதற்கு முன்பே காலி சரம் (ஸ்ட்ரிங்) திரும்பி வந்துவிடுகிறது. மூன்றாவதுதான் ரொம்பப் படுத்துகிறது: பெரிய ஃபைல்களில் மட்டும் அங்கங்கே ஓர் எழுத்து சிதைந்து கேள்விக்குறிக் கட்டமாக மாறுகிறது, அதே ஃபைலில் எப்போதும் அதே இடத்தில். சின்ன ஃபைலில் ஒருபோதும் வராது.

இது போக, சரத்துக்குள்ளேயே எழுதுகிற ஸ்ட்ரீமும் (எழுத்துகள் வரிசையாக வந்துபோகும் வழி) வேண்டும். இப்போது லிஸ்ட்டை அச்சடிக்கும் கோடு திரைக்கு ஒன்று, சரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கிறது. முழுக்க சி-யின் உள்ளீடு-வெளியீடு லைப்ரரியான எஸ்டிடி-ஐஓவுக்குப் போய்விடலாமா, இல்லை முழுக்க நானே எழுத வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

செங்கோட்டைவாசி

பாதி அது, பாதி இது என்று வைத்திருப்பதுதான் முதல் தொல்லைக்குக் காரணம். நீங்கள் ரீட் காலை நேராகக் கூப்பிடும்போது, பிரிண்ட்எஃப்பின் பஃபரில் என்ன தேங்கிக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெட்டியை லாரியில் ஏற்றாமல் மண்டியிலேயே அடுக்கி வைத்துவிட்டு, பாலக்காட்டில் ஏன் சரக்கு இறங்கவில்லை என்று கேட்பது மாதிரி. டெர்மினலில் எஸ்டிடி-ஐஓவின் கெட்சி வழியாகப் படித்தால் லினக்ஸின் சி லைப்ரரியான கிலிப்சி தானாகவே அவுட்புட்டைத் தள்ளிவிட்டுத்தான் படிக்கப் போகும்.

என் யோசனை, முழுக்க எஸ்டிடி-ஐஓ. செட்லொகேல் (மொழி, என்கோடிங் அமைப்பு) போட்டு, அகல எழுத்தாகப் படிக்கும் எஃப்கெட்-டபிள்யூசி பயன்படுத்துங்கள், யூடிஎஃப்-8 டிகோடிங்கை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். சரத்துக்குள் எழுத ஓப்பன்-மெம்ஸ்ட்ரீம் இருக்கிறது, அது 2008-இல் யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான பாசிக்ஸ் தரத்துக்கே வந்துவிட்டது. இன்னும் விசேஷமாக ஏதாவது வேண்டுமானால், நம் ஃபங்ஷன்களையே ஃபைலாகக் காட்டும் எஃப்ஓப்பன்-குக்கி. சொந்தமாக பஃபர் எழுதுவது பொழுதுபோக்குக்குச் சரி, கணக்குக்கு வேண்டாம்.

கம்பம்மெட்டு

அண்ணாச்சி சொன்னதில் முதல் பத்தி நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

எஃப்கெட்-டபிள்யூசியை ஒரு தடவை கூப்பிட்டதுமே அந்த ஃபைல் பாயிண்டர் அகல எழுத்துக்கென்று ஒதுங்கிவிடும், அதற்கப்புறம் அதிலேயே பைட் படிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது. லிஸ்ப்பில் ஒருவர் ஒரே ஃபைலில் தலைப்பைப் பைட்டாகவும் உடம்பை எழுத்தாகவும் படிக்க விரும்பினால் அங்கேயே முட்டிக்கொள்ளும். இன்னொன்று லொகேல். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடும், அதையே குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் லொகேல் வெறும் சி ஆக இருக்கும், முதல் தமிழ் எழுத்திலேயே பிழை வரும். ஃபைல் எந்த என்கோடிங் என்பது ஃபைலின் குணம், அது எந்தச் சூழலில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. எஃப்ஓப்பன்-குக்கி கிலிப்சியோடு வருவது, மேக்கில் அதே வேலைக்கு ஃபன்ஓப்பன் என்று வேறு ஒன்று, வேறு ஆர்கியுமென்ட்களோடு. படிக்கவும் எழுதவும் திறந்த ஃபைலில் எழுதுவதிலிருந்து படிப்பதற்கு மாறும்போது நடுவில் எஃப்ஃபிளஷ் அல்லது எஃப்சீக் கட்டாயம் என்கிற விதியையும் லிஸ்ப் எழுதுகிறவர் தலையில் கட்ட முடியாது.

எனவே சொந்தமாக எழுதுங்கள். பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஸ்ட்ரீம் என்பது ஒரு லிஸ்ப் ஆப்ஜெக்ட். அதற்குள் ஒரு பைட் பஃபர், அதில் எங்கிருந்து எதுவரை உயிருள்ள பைட் என்பதற்கு இரண்டு எண்கள், திருப்பித் தந்த எழுத்துக்கு ஒரு கூடு, வரி எண், நெடுவரிசை எண், அப்புறம் மூன்றே ஃபங்ஷன் பாயிண்டர்: நிரப்பு, கொட்டு, மூடு. ஃபைல் ஸ்ட்ரீமின் நிரப்பு ரீட் காலைக் கூப்பிடும், சாக்கெட்டும் அதேதான். சரத்திலிருந்து படிக்கிற ஸ்ட்ரீமுக்கு அந்தச் சரமே பஃபர், அதனால் நிரப்பு எப்போதும் பூஜ்யம் தரும், அவ்வளவுதான். ரீடர், பிரிண்டர் எதுவும் இந்த மூன்றையும் நேராகத் தொடக் கூடாது. எழுத்து-படி, எழுத்து-திருப்பு, எழுத்து-எழுது என்கிற மேல் அடுக்கை மட்டும்தான் கூப்பிட வேண்டும். எஸ்பிசிஎல் (ஒரு காமன் லிஸ்ப்) உள்ளே பார்த்தாலும் இதே குடும்பம்தான், ஒவ்வொரு ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்சரிலும் எழுத்து படிக்க ஒன்று, பைட் படிக்க ஒன்று, எழுத ஒன்று என்று ஃபங்ஷன்கள் தொங்கும், மீதி எல்லாச் சில்லறை வேலைக்கும் சேர்த்து 'மிஸ்க்' என்று ஒன்று.

சிதையும் எழுத்துக்கு வருவோம். தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு கோட்பாயிண்ட்டும் (யூனிகோட் தரும் எண்) யூடிஎஃப்-8இல் 3 பைட். 4096-ஐ 3-ஆல் வகுத்தால் 1365 போக 1 மீதி. இடைவெளியே இல்லாமல் தமிழ் மட்டும் இருந்தால், 1366-ஆவது கோட்பாயிண்ட்டின் முதல் பைட் இந்தப் பஃபரிலும் மற்ற இரண்டும் அடுத்த பஃபரிலும் விழும். நிஜ ஃபைலில் இடைவெளியும் எண்ணும் 1 பைட் என்பதால் சில எல்லைகளில் உடையும், சிலவற்றில் தப்பும், ஆனால் அதே ஃபைலில் அதே இடத்தில்தான் உடையும். 4096-க்குச் சின்ன ஃபைலில் எல்லையே இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறி அத்தனையும் இதுதான்.

பஃபர் அளவை 3-இன் மடங்காக மாற்றித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம், பைப்பும் டெர்மினலும் கேட்ட அளவு தரும் என்று உறுதி இல்லை, கையில் இருப்பதைத் தரும். நிரப்பப் போகும் முன் டிகோட் ஆகாமல் மிஞ்சிய 1 முதல் 3 பைட்டைப் பஃபரின் தலைக்கு நகர்த்திவிட்டு, அதன் பின்னால் படியுங்கள். மிச்சம் இருக்கும்போதே ரீட் பூஜ்யம் தந்தால் ஃபைல் பாதி எழுத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது மாற்றுக் குறியை ஒரு தடவை கொடுத்துவிட்டு அடுத்ததாக ஃபைல் முடிவு. ரீட் மைனஸ் ஒன்று தந்து காரணம் ஈ-இன்டர் (சிக்னல் குறுக்கிட்டது) என்று வந்தால் திரும்பக் கூப்பிடுங்கள், ஆனால் கூப்பிடும் முன் கன்ட்ரோல்-சி வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் படித்துக்கொண்டு நிற்கும் லிஸ்ப்பை நிறுத்தவே முடியாது.

வேலந்தாவளத்தான்

1365 கணக்கு அப்படியே பொருந்துகிறது, சிதைந்த இடங்களின் பைட் நிலையைப் பார்த்தேன், எல்லாமே 4096-இன் மடங்குகளை ஒட்டித்தான். நன்றிங்க.

எழுத்து-திருப்பு எத்தனை எழுத்து தாங்க வேண்டும்? புள்ளி ஜோடியைப் படிக்க (அ . ஆ) என்பதில் ஒன்றுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருக்குமே. அந்தக் காலி வரி விஷயத்துக்கும் யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

கம்பம்மெட்டு

ஒன்று போதும். 1994-இன் காமன் லிஸ்ப் தரமும் ஒன்றுக்குத்தான் உறுதி தருகிறது, அதுவும் கடைசியாகப் படித்த அதே எழுத்தாக இருக்க வேண்டும், நடுவில் படிக்காமல் இரண்டு தடவை திருப்புவது பிழை. சி-யின் அன்கெட்சியும் ஒன்றுக்குத்தான் பொறுப்பு. புள்ளிக்கு எட்டிப் பார்க்க வேண்டாம், டோக்கனை முழுசாகச் சேர்த்து முடித்த பிறகு அது வெறும் புள்ளியா, .5 மாதிரி எண்ணா என்று முடிவு செய்யலாம். கமாவுக்குப் பின் அட் குறி வருகிறதா என்று பார்க்கவும் ஓர் எழுத்தே போதும். பஃபர் பாயிண்டரைப் பின்னால் தள்ளித் திருப்ப வேண்டாம், அந்த நேரம் பார்த்து நிரப்பு நடந்திருந்தால் பழைய பைட் போயிருக்கும். தனிக் கூட்டில் வையுங்கள். திருப்பியது வரி முடிவாக இருந்தால் வரி எண்ணையும் ஒன்று குறையுங்கள், பிழைச் செய்தியில் தப்பான வரி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

காலி வரி: நீங்கள் அடித்தது (வரி-படி) அப்புறம் என்டர். ரீடர் மூடும் அடைப்புக்குறியோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் படிக்க அதற்கு எந்தத் தேவையும் இல்லை. என்டர் பஃபரிலேயே கிடக்கிறது. வரி-படி ஓடும்போது முதலில் கிடைப்பது அதுதான், எனவே காலி சரம். காமன் லிஸ்ப்பின் ரீட், சிம்பலோ எண்ணோ படித்தால் அதை முடித்துவைத்த ஒரு வெற்றிடத்தையும் விழுங்கிவிடும், அது வேண்டாம் என்பவருக்கு ரீட்-பிரிசர்விங்-வொய்ட்ஸ்பேஸ் என்று தனியாகவே இருக்கிறது. ஆனால் அடைப்புக்குறியில் முடிந்தால் அதுவும் எதையும் விழுங்காது.

இதைச் சரிசெய்யும் இடம் (படி) இல்லை, பிராம்ப்ட் சுழற்சி. படித்து முடித்ததும், ஏற்கெனவே பஃபரில் இருப்பதை மட்டும் பாருங்கள், வரி முடிவு வரைக்கும் வெறும் வெற்றிடம்தான் என்றால் எறிந்துவிடுங்கள். பஃபர் காலி என்றால் தொடாதீர்கள், புதிதாகப் படிக்கப் போனால் பிராம்ப்ட் தொங்கும். டெர்மினல் வழக்கமான முறையில் முழு வரியாகத்தான் தரும், ஆகவே என்டர் அங்கேயே இருக்கும். இதை (படி)க்குள் போட்டால் கணக்கு ஃபைலைப் படிக்கும் நிரல்களில் காலி வரிகள் மாயமாகும்.

ஃபைல் முடிவையும் கவனியுங்கள். டெர்மினலில் கன்ட்ரோல்-டி அடித்தால் ரீட் பூஜ்யம் தரும், ஆனால் மறுபடி கூப்பிட்டால் மறுபடி காத்திருக்கும், முடிவு ஒட்டிக்கொண்டிருக்காது. எட்டிப் பார்க்கும்போது முடிவு தெரிந்தால் அதையும் ஒரு கொடியில் குறித்து வைத்து, எழுத்து-படி கூப்பிடும்போது கொடுத்துவிட்டுக் கொடியை எடுங்கள். இல்லையென்றால் ஆள் இரண்டு தடவை கன்ட்ரோல்-டி அடிக்க வேண்டி வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

களியக்காவிளை

எல்லோரும் படிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கணக்குப் போகும் என்றால் எழுதும் பக்கத்தில்தான் போகும்.

முதலில் பிரிண்டரை ஒன்றாக்குங்கள். அது ஒரு ஸ்ட்ரீமை வாங்கி எழுத்து-எழுது மட்டும் கூப்பிட்டால், சரத்துக்கு எழுதுவது என்பது வளரும் பஃபர் வைத்த இன்னொரு ஸ்ட்ரீம், இரண்டாம் பிரதி தேவையில்லை. எல்லா எழுத்தும் அந்த ஒரே வாசல் வழியாகப் போவதால் நெடுவரிசை எண்ணும் சும்மா கிடைக்கும். 'புது வரியில் இல்லையென்றால் மட்டும் வரி மாற்று' என்கிற ஃப்ரெஷ்-லைன் அதை நம்பித்தான் இருக்கிறது, அதற்கு பூஜ்யமா இல்லையா என்பது மட்டும் போதும். அந்த எண்ணை வைத்து அட்டவணைப் பத்தி நேராக்கப் போகாதீர்கள், புள்ளியும் கொம்பும் தனிக் கோட்பாயிண்ட் என்பதால் தமிழில் எண்ணும் திரை அகலமும் சேராது.

கேள்வி திரையில் வராத தொல்லை நீங்களே பஃபர் எழுதினாலும் தானாகத் தீராது. எஸ்பிசிஎல்லிலேயே ஃபார்மட் போட்டுவிட்டு ரீட்-லைன் கூப்பிடுகிறவர்கள் நடுவில் பஃபரைத் தள்ளும் ஃபினிஷ்-அவுட்புட் போட வேண்டியிருக்கிறது. சி++ இதற்கு இன்புட்டையும் அவுட்புட்டையும் கட்டி வைத்திருக்கிறது, படிக்கப் போகும் முன் கட்டப்பட்டதைத் தள்ளிவிடும். நீங்களும் ஸ்ட்ரீமில் 'ஜோடி' என்று ஒரு புலம் வையுங்கள், நிரப்பு கூப்பிடும் முன் ஜோடியைக் கொட்டு. நிரப்பு நடக்கும்போது மட்டும் என்பதைக் கவனியுங்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் செய்தால் பஃபர் வைத்ததற்கே அர்த்தமில்லை.

கொட்டு எழுதும்போது ரைட் கால் கேட்டதை முழுசாக எழுதும் என்று நம்ப வேண்டாம். 4000 பைட் கொடுத்தால் 1200 எழுதினேன் என்று சொல்லலாம், மீதியைச் சுழற்சியில் எழுதுவது உங்கள் வேலை. அவுட்புட்டை பைப்பில், முதல் சில வரியை மட்டும் எடுக்கும் 'ஹெட்'டுக்கு அனுப்பினால் அது பாதியில் மூடிக்கொள்ளும், சிக்பைப் என்கிற சிக்னல் வந்து உங்கள் லிஸ்ப் சத்தமில்லாமல் செத்துப்போகும். அந்தச் சிக்னலை ஒதுக்கிவிட்டு ஈ-பைப் பிழையை லிஸ்ப் பிழையாக எழுப்புங்கள். ஃபோர்க் செய்து புராசஸை இரண்டாக்குகிறீர்கள் என்றால் அதற்கு முன் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பஃபரில் தேங்கியது இரண்டு புராசஸிலும் இருக்கும், ஒரே பற்று இரண்டு வரியாக விழும்.

மூடுவதை ஜிசியிடம் (தேவையற்ற நினைவகத்தைத் திரும்ப எடுக்கும் பகுதி) விடவே விடாதீர்கள். அது ஆப்ஜெக்ட்டை எடுக்கும்போது கூப்பிடும் ஃபைனலைசர் எப்போது ஓடும் என்று உறுதி கிடையாது, ஓடாமலேயே நிரல் முடியலாம். எக்சிட் கூப்பிட்டால் சி தன் பஃபர்களைக் கொட்டும், உங்களுடையதை அதற்குத் தெரியாது. திறந்திருக்கும் எழுதும் ஸ்ட்ரீம்களுக்கு ஒரு பட்டியல் வைத்து, முடியும்போது அதைச் சுற்றிக் கொட்டுங்கள். நிரல் எழுதுகிறவருக்கு வித்-ஓப்பன்-ஃபைல் மாதிரி ஒரு வடிவம் வேண்டும், நடுவில் பிழை வந்து வெளியே தாவினாலும் மூட வேண்டும். காமன் லிஸ்ப்பில் அப்படித் தாவும்போது 'அபார்ட்' என்று சொல்லி மூடுகிறார்கள், முடிந்தவரை அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுபோவதற்கு. மண்டிக் கணக்குக்கு இது ரொம்ப முக்கியம்: தற்காலிகப் பெயரில் எழுதி, ஒழுங்காக மூடினால் மட்டும் பெயர் மாற்றுங்கள், பாதி எழுதிய ஃபைல் நல்ல ஃபைலின் மேல் விழாது.

உங்கள் ஜிசி ஆப்ஜெக்ட்டை நகர்த்தும் வகை என்றால் பஃபரை மட்டும் ஜிசி தொடாத மேலாக்கில் வையுங்கள்.

நகரிக்காரன்

இங்கே தெலுங்கும் தமிழும் கலந்த ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் என்கோடிங் பற்றி மட்டும்.

எழுத்து-படி கோட்பாயிண்ட் தரட்டும், நாம் எழுத்து என்று நினைப்பதைத் தர முயல வேண்டாம். 'கொ' இரண்டு கோட்பாயிண்ட்டாகவும் வரலாம், க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் வரலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, என்எஃப்சி என்கிற நார்மலைசேஷன் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் உங்கள் சிம்பல் டேபிளுக்கு அவை வேறு வேறு, (கொடு) என்று ஒருவர் அடித்தது இன்னொருவர் அடித்த (கொடு) இல்லை என்று 'வரையறுக்கப்படவில்லை' பிழை வரும். சிம்பலை இன்டர்ன் செய்யும் (டேபிளில் பதியும்) இடத்தில் நார்மலைஸ் செய்யுங்கள், பைத்தான்கூட அடையாளப் பெயர்களுக்கு அப்படித்தான் செய்கிறது. ஸ்ட்ரீமில் செய்யாதீர்கள், ஃபைலைப் படித்து அப்படியே எழுதினால் பைட் மாறக் கூடாது.

மலையாளப் பெயர்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்) 2008-இல் யூனிகோட் 5.1-இல்தான் தனிக் கோட்பாயிண்ட் வந்தது, அதற்கு முந்தைய முறையில் அடிப்படை எழுத்து, சந்திரக்கலை, இணைப்பான் என்று மூன்றாக எழுதுவார்கள். ன் சில்லில் முடியும் பெயர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இவை இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது, பெயரை ஒப்பிடும் இடத்தில் நீங்களே ஒரு மாற்று அட்டவணை வைக்க வேண்டும். எழுத்தாகப் பிரிக்க ஒரு ஃபங்ஷன் எழுதினாலும் மொழி பார்த்து நடக்கும்: 2023-இன் 15.1 விதிப்படி மலையாளத்திலும் தெலுங்கிலும் க்ஷ ஒரே கொத்து, தமிழில் அந்த விதி இல்லை, க், ஷ என்று இரண்டாகத்தான் பிரியும்.

டிகோடரையும் மாற்றக்கூடிய ஃபங்ஷனாக வையுங்கள். டிஸ்கியில் (பழைய தமிழ் என்கோடிங்) இருக்கும் பழைய ஃபைல் ஒன்று வந்தால் அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும், டிகோடர் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த பைட்டுக்குக் காத்திருக்க வேண்டும். எனவே அதற்கென்று சொந்த நிலை தேவை. விண்டோஸில் சேமித்த ஃபைலின் தலையில் 3 பைட் குறி இருந்தால் திறக்கும்போதே தின்றுவிடுங்கள், முதல் வரிப் பெயர் மட்டும் எதோடும் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான்.

வேலந்தாவளத்தான்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கூடு, ஜோடி, தற்காலிகப் பெயர் மூன்றையும் முதலில் வைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி, லிஸ்ப்பிலேயே புது வகை ஸ்ட்ரீம் எழுத இடம் கொடுக்க வேண்டுமா? திரைக்கும் ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் எழுதுகிற மாதிரி.

அப்புறம் இதே கோடை மண்டியில் இருக்கும் ராஸ்பெரி பையில் கம்பைல் செய்தால் ஃபைல் முடிவே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய நிரல் ஏற்றும் பகுதியில் மட்டும், அது இன்னும் கெட்சி பயன்படுத்துகிறது. லேப்டாப்பில் ஒன்றும் இல்லை.

கம்பம்மெட்டு

இரண்டுக்கு ஒரே நேரத்தில் எழுதுவது பிராட்காஸ்ட் ஸ்ட்ரீம், அதைச் சி-யிலேயே கொட்டு ஃபங்ஷனில் பத்து வரியில் முடிக்கலாம். பொதுவாகத் திறந்துவிட வேண்டும் என்றால் இரண்டு மாதிரிகள். டேவிட் கிரே 1989-இல் முன்வைத்தது, ஸ்ட்ரீம்-ரீட்-சார் முதலிய ஜெனரிக் ஃபங்ஷன்கள், பயனர் தன் கிளாஸுக்கு மெத்தட் எழுதுவார். காமன் லிஸ்ப்பின் அன்சி தரத்தில் சேரவில்லை, ஆனாலும் இன்று பெரும்பாலான காமன் லிஸ்ப்களில் இருக்கிறது. ஆப்ஜெக்ட் முறை இல்லாத உங்களுக்கு ஈமாக்ஸ் லிஸ்ப்பின் வழி பொருந்தும்: ஒரு ஃபங்ஷனே ஸ்ட்ரீம். ஆர்கியுமென்ட் இல்லாமல் கூப்பிட்டால் அடுத்த எழுத்து, ஓர் எழுத்தைக் கொடுத்துக் கூப்பிட்டால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். எழுதும் பக்கம் ஓர் எழுத்து ஆர்கியுமென்ட். மெதுவாகத்தான் ஓடும், மண்டிக்குப் போதும்.

செங்கோட்டைவாசி

ராஸ்பெரி பை விஷயம் நான் சொல்கிறேன், இது எஸ்டிடி-ஐஓ ஆளின் வேலை. கெட்சி தருவதை சார் மாறியில் வாங்குகிறீர்களா என்று பாருங்கள். அது இன்ட் தரும், முடிவுக்கு மைனஸ் ஒன்று. ஆர்ம் லினக்ஸில் வெறும் சார் குறியில்லாதது, மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும், ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது. இன்டெல் லேப்டாப்பில் சார் குறியுள்ளது, அதனால் ஓடுகிறது, ஒழுங்கான யூடிஎஃப்-8இல் 255 என்கிற பைட்டே வராது என்பதால் அங்கே தப்பான முடிவும் உங்களுக்குக் காட்டியிருக்காது. மாறியை இன்ட் ஆக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.